இருபத்து நாலாம் நம்பருக்கு நண்பகல் ஓய்வு

மண்டபத்துக் கடல்காற்றுக்கு இரும்பென்றால் உயிர். போன ஐப்பசியில் வாங்கிய சைக்கிளை இந்த ஐப்பசியில் தேடினால் சீட்டும் மணியும்தான் மிஞ்சியிருக்கும். அதிலும் மணி அடிக்காது. அப்பேர்ப்பட்ட காற்றுக்கு எதிரே, மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனியின் மொட்டைமாடியில், தீப்பெட்டி அளவுள்ள இருபத்து நாலு கண்ணாடித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்து, இவை எப்போது சாகும் என்று பார்த்து எழுதுங்கள் என்று சொன்னால் யார்தான் அந்த வேலைக்கு ஒப்புவார்கள்? இஃப்திகார் ஒப்புக்கொண்டார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பதினோரு வருடம் அபுதாபிப் பாலைவனத்தில் சூரியத் தகடு துடைத்த கை அவருடையது. அவர் துடைத்த தகடுகளை ஒன்றை அடுத்து ஒன்றாகக் கடலில் மிதக்கவிட்டால், பாம்பனில் கால் வைத்து தலைமன்னார் வரை நடந்துபோய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பி வரலாம் என்பது சுஐபு டீக்கடையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. கடைசியில் அந்தப் பாலைவனத்து வெயில் அவருடைய சிறுநீரகத்தில் இரண்டு கல்லை உருட்டி வைத்து, “போதும், ஊரைப் பார்த்துப் போ” என்று அனுப்பிவிட்டது. ஊருக்கு வந்து ஆறு மாதம் சும்மா இருந்தார். சும்மா இருக்கிற ஆள் வீட்டில் எத்தனை தடவைதான் ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க முடியும்? ஏழாவது மாதம் மாடி வேலை வந்தது.

வேலையைக் கொண்டுவந்தவள் ஜெயப்பிரியா. ஆர்.எஸ். மங்கலத்துக்கு உள்ளே ஒரு கண்மாய்க்கரை ஊர்க்காரி. மதுரைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்தாவது வருடமாக ஆராய்ச்சி. அந்தத் துண்டுகளில் பூசியிருந்த பொருளுக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். அந்தப் பெயரைத் தடுக்காமல் சொல்ல இஃப்திகாருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

“அண்ணே, அங்கன நீங்க தொடச்சதெல்லாம் சிலிக்கான் தகடு. கல்லு மாதிரி. இருபத்தஞ்சு வருசம் கெடக்கும். இது மை மாதிரி. கரைச்சுக் கண்ணாடியில பூசுறது. வெயில நல்லாக் குடிக்கும், சல்லிசா செஞ்சிரலாம். ஆனா ஈரம் பட்டாப் போச்சு, சூடு பட்டாப் போச்சு” என்றாள்.

“அப்பறம் எதுக்கும்மா இங்கன கொண்டாந்தீக? இங்கன ஈரத்தையும் சூட்டையும் விட்டா வேற என்ன இருக்கு?”

“அதுக்குத்தேன் கொண்டாந்தேன்.”

பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டி இருந்தது. எண்பத்தைந்து டிகிரி சூடு, நூற்றுக்கு எண்பத்தைந்து ஈரம். அதற்குள் இந்தத் துண்டுகளின் கூடப்பிறந்தவற்றை இட்லி மாதிரி அவித்துப் பார்த்தாயிற்று. எக்ஸ்ரே பிடித்து உள்ளே எந்தப் படிகம் எதுவாக மாறியிருக்கிறது என்றும் பார்த்தாயிற்று. எல்லாம் பார்த்தாலும், நிஜ வெயிலில் நிஜ உப்புக்காற்றில் கிடந்து எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்தப் பெட்டி சொல்லாது. அதைச் சொல்ல மண்டபம்தான் வேண்டும்.

மாடிப்படி சுவரில் ஜெயப்பிரியா தன் கையெழுத்தில் மூன்று வரி எழுதி ஒட்டினாள். துண்டுகளைத் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது. அவற்றின்மேல் எதன் நிழலும் விழக் கூடாது.

“காக்கா எச்சம் போட்டா?” என்று கேட்டார் இஃப்திகார்.

“எத்தன மணிக்குப் போட்டுச்சுன்னு நோட்டுல எழுதிருங்க.”

“தொடைக்க?”

“தொடைக்கக் கூடாதுண்ணே.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பதினோரு வருடக் கை. தூசியைக் கண்டால் தானாக நீளும். முதல் மாதம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். கீழே கருவாடு காயப்போட வந்த பெண்கள், மாடியில் யாரோ பெரிய அதிகாரி வந்திருப்பதாக நினைத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

வேலை என்னவோ எளிதுதான். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு. மின்சாரம் அளக்கும் சிறு சோதனைப் பெட்டியின் சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் ஒவ்வொரு துண்டின் கம்பியிலும் மாட்ட வேண்டும். திரையில் ஒரு கோடு வரும். மொட்டைமாடி மாதிரி சமமாகப் போய், ஓரத்துக்கு வந்ததும் கீழே குதித்துவிடும். இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை. இரண்டும் ஒரே மாதிரி வராது. போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றும் சொல்லும் இந்த ஜாதிக் கண்ணாடி. இரண்டையும் எழுத வேண்டும். வெயிலின் ஏற்ற இறக்கத்தைப் பெட்டியே சரிக்கட்டிவிடும். முதல் நாள் கொடுத்த மின்சாரத்தை நூறு என்று வைத்து, இன்றைக்கு எத்தனை என்று போட வேண்டும். எண்பதுக்குக் கீழே இறங்கினால் அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது. வாரம் ஒரு படம்: நல்ல துண்டு பால் விடாத சுலைமானி டீ நிறத்தில் இருக்கும், சாகிற துண்டு ஓரத்திலிருந்து மஞ்சளாகும்.

மாசி முடிவதற்குள் மூன்றாம் நம்பர் போயிற்று. அடுத்து ஒன்பது, பிறகு பதினாலும் பதினைந்தும் ஒரே நாளில்.

“என்ன மாமா, இன்னிக்கு யாரு மவுத்து?” என்று சுஐபு தினமும் டீயை நீட்டிக்கொண்டே கேட்பான்.

“ஏலே, வாயக் கழுவு. ஏழாம் நம்பருக்குத்தான் உடம்பு சரியில்ல. எண்பத்திரெண்டு.”

“வைத்தியம் பாக்கலாம்ல?”

“பாக்கக் கூடாதாம். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு மட்டும் இருக்கணுமாம்.”

“இதுக்கு ஒரு ஆளு வேற!” என்று சிரித்தான் சுஐபு. இஃப்திகாருக்குச் சிரிப்பு வரவில்லை. அபுதாபியில் தகடு அழுக்கானால் துடைப்பார், அது பளிச்சென்று ஆகும், மனசும் ஆகும். இங்கே கண் முன்னால் ஒன்று மஞ்சளாகிக்கொண்டே போகிறது, அவர் தேதி போட்டுக்கொண்டிருக்கிறார்.

பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள். பன்னிரண்டு மணிக் கணக்கை எழுதி முடித்ததும் நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு கேட்டது. அவர் தலையில் எப்போதும் பழைய கம்பெனித் தொப்பி ஒன்று இருக்கும். முன்னால் நீட்டிய விளிம்பு, வெளிறிப்போன அரபி எழுத்து. அதைக் கழற்றி, துண்டுகளை மாட்டியிருந்த சட்டத்தின் கீழ்மூலையில் கவிழ்த்துவிட்டு, பையிலிருந்த வெள்ளைத் தொழுகைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். தொழுதார், சாப்பிட்டார், ஐஸ் கம்பெனியின் பழைய குளிர் அறையில் கண்ணயர்ந்தார். மூன்று மணிக்கு மேலே வந்து பார்த்தால், தொப்பி கடைசித் துண்டின்மேல், அதாவது இருபத்து நாலாம் நம்பரின்மேல் இருந்தது. பதறிப்போய் எடுத்தார். தொட்டாயிற்று, நிழலும் விழுந்தாயிற்று.

நாலு மணிக்குக் கிளிப் மாட்டினார். மற்றதெல்லாம் மத்தியானத்தைவிட ஒன்றிரண்டு குறைந்திருக்க, இருபத்து நாலு மட்டும் இரண்டு கூடியிருந்தது.

மறுநாள் தொப்பி தலையிலேயே இருந்தது. இருபத்து நாலும் மற்றவற்றோடு சேர்ந்து இறங்கிற்று. அதற்கு மறுநாள், வேண்டுமென்றே என்று சொல்ல முடியாது, வேண்டாமென்றும் சொல்ல முடியாது, தொப்பியை மறுபடி அங்கே வைத்தார். ஏறிற்று.

இஃப்திகாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அபுதாபியில் கோடை மூன்று மாதமும் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை ஆளை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். சூப்பர்வைசர் விசில் ஊதுவான். தகட்டு வரிசைக்கு அடியில் இருக்கிற நிழலுக்குள் இருநூறு பேர் நண்டு மாதிரி நுழைவார்கள். அந்த விசில் இல்லையென்றால் கல் இரண்டோடு நின்றிருக்காது, ஆளே கல்லாகியிருப்பார். வெயில் என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு ஒரு வெயில்காய்ந்த ஜீவனைப் பார்த்தால் தெரியாதா? இதற்குக் களைப்பு. நடுப்பகலில் இரண்டரை மணி நேரம் விட்டால் மூச்சு வாங்கிக்கொள்கிறது.

எல்லாவற்றையும் மூடினால் சோதனையே பொய்யாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஒன்றை மூடினாலும் அப்படித்தான் என்பதுதான் அவருக்கு ஏறவில்லை. தவிர, அவரிடம் இருந்தது ஒரே கம்பெனித் தொப்பி.

தொழுது முடித்து நடுவெயிலில் வெறுந்தலையோடு அவர் வீட்டுக்கு வருவதை மாஷிதா ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் பிடித்துக்கொண்டாள்.

“மண்ட கருவாடாட்டம் காஞ்சு கெடக்கு. தொப்பிய யாருக்குக் குடுத்தீக?”

சொன்னார். மனைவியிடம் மறைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

“யா அல்லாஹ்! இருபத்திரெண்டு வருசமா அடுப்படியில கெடக்குறேன். எனக்கு ஒரு நாளு விசில் ஊதியிருப்பீகளா? கண்ணாடிச் சில்லுக்கு ஓய்வாம்!” என்றாள். பிறகு மீன் குழம்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே, “அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

அவர் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்தபோது மற்ற இருபத்து மூன்று துண்டுகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இருபத்து நாலு மட்டும் தொண்ணூற்றிரண்டில் நின்றது. ஜெயப்பிரியா பஸ் பிடித்து ஓடி வந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்ததில் மூச்சு இரைத்தது. ஒரு பை நிறையக் காரச்சேவு வாங்கி வந்திருந்தாள். சட்டத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து இருபத்து நாலின் ஓரத்தை ஒரு மணி நேரம் பார்த்தாள்.

“எனக்கே புரியலண்ணே. இருபத்தி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் ஒரே கலவை. ஒரே நாள்ல பூசுனது. மத்த மூணும் செத்துப்போச்சு, இது மட்டும் ராசா மாதிரி நிக்குது. ரெண்டு ராத்திரி தூங்காம யோசிச்சேன். அப்பத்தேன் ஞாபகம் வந்துச்சு. இந்த ஒண்ணுக்கு மட்டும் ஓரத்து ரப்பர் சரியா ஒட்டலன்னு ரெண்டாந்தடவ சூடு வெச்சு அழுத்துனேன். அதுல இருக்குண்ணே ரகசியம்!”

இஃப்திகாரின் வாயில் காரச்சேவு இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“அதே மாதிரி ரெண்டு தடவ அழுத்திப் பத்துப் பீஸ் பண்ணப்போறேன். கைடுகிட்டச் சொல்லிட்டேன். எனக்குக் காலம் மார்கழியோட முடியுது. தீசிஸே இப்ப இந்தத் தீப்பெட்டி மேலதேன் நிக்குது.” கையெடுத்து அந்தத் துண்டைக் கும்பிட்டாள். “நீங்க பாத்துக்கிட்டீக. நீங்க இல்லாட்டி இது ஏது?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். “டீ சொல்லட்டுமாம்மா?” என்றுதான் வந்தது.

அவள் போன மறுநாள் பன்னிரண்டரைக்குப் பாங்கு கேட்டது. அவர் கை தலைக்குப் போயிற்று. தொப்பியைக் கழற்றிற்று. துண்டுக்கு ஒரு சாண் மேலே வரைக்கும் போய் நின்றது. மூடினால் ஒரு பெண்பிள்ளையின் ஐந்து வருடத்தின்மேல் பொய்யைக் கவிழ்க்கிறார். மூடாவிட்டால் நூற்றுச் சொச்சம் நாள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியதைத் தன் கையாலேயே கொல்கிறார். தொப்பியை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு தொழப் போனார். அன்றைக்கு எத்தனை ரக்அத் தொழுதோம் என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

தொண்ணூற்றிரண்டு தொண்ணூற்றொன்றாயிற்று. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. அவர் ஒளிக்காமல் எழுதினார், ஒளிக்காமல் படம் அனுப்பினார்.

ஜெயப்பிரியா போனில் கேட்டாள்: “ஆடிக் காத்துல கிளிப்பு ஆடுதோ அண்ணே? உப்புப் பூத்திருக்கும். சுரண்டிட்டு மாட்டிப் பாருங்க.”

சுரண்டி மாட்டினார். எண்பத்தைந்துதான்.

“பெட்டியே கெட்டுப்போச்சோ? பக்கத்துல சின்னதா ஒரு சிலிக்கான் துண்டு வெச்சிருக்கேன்ல, அதுல மாட்டுங்க. அது மாறாது. அதுல சரியா வந்தா பெட்டி மேல தப்பு இல்ல.”

அதில் சரியாக வந்தது. பெட்டியின்மேல் தப்பில்லை, கிளிப்பின்மேல் தப்பில்லை, காற்றின்மேலும் தப்பில்லை. ஒவ்வொன்றாக விலக விலக, மாடியில் மிச்சம் இஃப்திகார் மட்டும் நின்றார். அடுத்த வாரம் மூலையில் மயிரிழை போல ஒரு மஞ்சள் கோடு. எழுபத்தொன்பது. அதற்குப் பிறகு நாளுக்கு நாலைந்தாகச் சரிந்தது.

ஆவணி முதல் வாரம் அவள் வந்தாள். இந்தத் தடவை படிகளை ஒவ்வொன்றாக ஏறினாள். கையில் மூடி இறுக்கிய எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலங்களுக்கு நடுவில் புதிதாகச் செய்த பத்துத் துண்டுகள். சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து பழைய துண்டை வெகுநேரம் பார்த்தாள்.

“ரெண்டு தடவ அழுத்துனது பத்தலையோ என்னமோ. மூணாந்தடவயும் அழுத்தியிருக்கணும். மதுரைக்குப் போயி மறுபடி பத்துப் பண்றேன்” என்றாள், அவரிடம் இல்லை, தனக்குத் தானே.

அந்த மூன்றாவது அழுத்தம்தான் அவரை உடைத்தது. இல்லாத ஒன்றைத் தேடி இந்தப் பெண் இன்னும் எத்தனை தடவை அழுத்துவாள்?

“அம்மா, அழுத்துனதுல ஒண்ணுமில்ல.” தொப்பியைக் கழற்றி இருபத்து நாலின்மேல் கவிழ்த்தார். சரியாகப் பொருந்திற்று. “இதாம்மா. பெருநா கழிஞ்சு ஒம்பதாம் நாளுலேர்ந்து. பன்னெண்டரைக்கு வெப்பேன், மூணு மணிக்கு எடுப்பேன். நீங்க போன தடவ வந்துட்டுப் போனதுலேர்ந்து வெக்கல.”

அவள் தொப்பியைப் பார்த்தாள். சுவரில் தான் ஒட்டிய மூன்று வரியைப் பார்த்தாள். காற்று அதில் இரண்டு வரியை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது; நிழலைப் பற்றிய வரி மட்டும் முழுசாக இருந்தது.

“எதுக்குண்ணே?”

“அதுக்கும் வெயிலு சுடும்லம்மா.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். பிறகு அவளிடமிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“இருட்டுல வெச்சா கொஞ்சம் தேறிக்கும்ணே, இந்தப் பொருளு. ராத்திரி விட்டுக் காலையில பாத்தாலும் தேறியிருக்கும். எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்க. புதுசுகூட இல்ல.”

நூற்று இரண்டு நாள் தானே கண்டுபிடித்த ரகசியம் என்று நெஞ்சுக்குள் வைத்திருந்தது உலகத்துக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது. அதற்கு வருத்தப்படுகிற இடத்தில்கூடத் தான் இல்லை என்று இஃப்திகாருக்குத் தோன்றிற்று.

“கைடுகிட்ட நான் வந்து சொல்லட்டுமாம்மா? எம் மேல தப்புன்னு?”

“என்னன்னு சொல்லுவீக? தொப்பி போட்டேன்னா?” அவள் நோட்டை எடுத்தாள். பெருநாளுக்குப் பிந்திய ஒன்பதாம் நாளின் பக்கத்தை அவர் எடுத்துக் காட்டினார். அங்கிருந்து இருபத்து நாலாம் நம்பருக்கு நேரே ஒரு கோடு போட ஆரம்பித்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கோடு போட்டாள். அவர் எதிரே நின்று பக்கங்கள் காற்றில் பறக்காமல் விரலால் பிடித்துக் கொடுத்தார். அதற்காவது அந்த விரல் பயன்பட்டது.

கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாள். வேறு என்ன செய்வது? செய்து கொண்டுவந்தாயிற்று, மார்கழிக்குள் வேறொரு கலவையைத் தேட நேரம் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு இருவரும் பத்துத் துண்டுகளையும் சட்டத்தில் மாட்டினார்கள். சுலைமானி நிறத்தில் பத்தும் பளபளத்தன.

“இது தாங்குமாம்மா?”

“தெரியலண்ணே. அந்த மூணும் செத்த கலவைதேன் இதுவும்.”

“அப்ப?”

“பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதேன்.” பையைத் தோளில் மாட்டினாள். படிக்குப் போனவள் திரும்பினாள். “இருபத்தி நால எழுத வேணாம். அது இனிமே கணக்குல இல்ல. அத நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கங்க.” அவள் இறங்கிப் போகிற சத்தம் கீழ்ப்படி வரை கேட்டது.

மறுநாள் பன்னிரண்டு மணிக் கணக்கைப் பத்துக்கும் எழுதினார். பத்தும் மத்தியான வெயிலில் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தன. பாங்கு கேட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார், பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. தொப்பியைக் கழற்றி இருபத்து நாலின்மேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வந்து எடுத்தார். நாலு மணிக்குக் கிளிப் மாட்டிப் பார்த்தார். மத்தியானம் நாற்பத்தொன்று இருந்தது. இப்போதும் நாற்பத்தொன்று. மஞ்சள் நடுவுக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து பார்த்தார். முப்பத்தொன்பது.

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். எழுதவில்லை.

அதற்கடுத்த நாளும் பன்னிரண்டரைக்குப் பாங்கு கேட்டது. இஃப்திகார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தின் முன்னால் நின்றார். மூடினாலும் குற்றமில்லை என்றாகிவிட்ட இருபத்து நாலுக்குத் தொப்பி இனி உதவாது. உதவக்கூடிய பத்தையும் மூடக் கூடாது. கீழே சுஐபு, “மாமா, டீ ஆறுது!” என்று கத்தினான். அவர் வெறுந்தலையோடு வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.